சேனை வைத்தவர் யார்

எனக்கு எழுபத்தெட்டு வயதாகிறது. காலையில் நான்கு மாத்திரை, இரவில் மூன்று. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் மின்தூக்கி இந்த மாதம் மட்டும் ஐந்து முறை நின்றுவிட்டது. நிர்வாகத்துக்கு ஐந்து கடிதம் எழுதிவிட்டேன், பதில் ஒன்றும் இல்லை. எதையும் எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. எட்டு வயதிலும் இப்படித்தான் இருந்தேன். இந்தப் பழக்கத்தால் என் மாமாவுக்கு நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்று இன்னும் யோசிக்கிறேன். இரண்டையும் செய்தேன். இரண்டுக்கும் நடுவே நான்கு நிமிடம் இருந்திருக்கும்.

அப்போது இங்கே ரயில்வே குடியிருப்பு இருந்தது. வரிசைக்குப் பத்து வீடு, எங்களுடையது மூன்றாவது. அம்மாவின் அக்காவும் தம்பியும் எங்களோடுதான் இருந்தார்கள். பெரியம்மா மருத்துவச்சி. அவரை எல்லோரும் ‘மிசி’ என்றே கூப்பிடுவார்கள். மாமா ரயில்வே பட்டறையில் சம்மட்டி பிடிப்பவர். ஆள் உயரம், குரல் அதைவிட உயரம்.

ஒரு சனிக்கிழமை, பட்டறையில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் மாமாவை எல்லோர் முன்னிலும் தாயைச் சேர்த்து ஏசிவிட்டார். மாமா, “ஒரு நாளைக்கு உன் மண்டைய ஒடைக்கிறனா இல்லையா பாரு” என்றார். அதைக் கேட்டவர்கள் பதினொரு பேர். மறுநாள் ஞாயிறு மத்தியானம் அடைமழை. இரண்டரைக்குக் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்த மண்டோர், மழை விட்ட நாலரைக்குப் பட்டறைக்குப் பின்னால் மண்டை உடைந்து கிடந்தார். திங்கள் காலை மாமாவைப் போலீஸ் கொண்டுபோனது. தூக்குத்தான் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். அம்மா இரண்டு வேளை சமைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை துப்பறியும் இன்ஸ்பெக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கிள்ளான்காரர், தமிழர். சீருடை இல்லாமல் வெள்ளைச் சட்டை போட்டிருந்தது எனக்குப் பெரிய ஏமாற்றம். துப்பாக்கியும் கண்ணில் படவில்லை.

“மிசி, ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒங்க தம்பி எங்க இருந்தாரு?”

“என்னோடதான் சார். ஏழாம் வீட்டுல பிரசவம். அவன்தான் என் பெட்டியத் தூக்கிக்கிட்டு கூட வந்தான். மழை பிடிச்சிக்கிச்சி, அங்கயே ஹால்ல ஒக்காந்துட்டான்.”

“நீங்க அக்கா. அக்கா வேற என்னா சொல்லுவாங்கன்னு கோர்ட்டுல கேப்பாங்க லா.”

பெரியம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. “பொறந்த பிள்ளைக்குச் சேனை வச்சதே அவன்தான். அந்தப் பொண்ணையே போய்க் கேளுங்க.”

இந்த இடத்தில்தான் நான் குறுக்கே புகுந்தேன். சேனை என்றால் சும்மாவா? பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சர்க்கரைத் தண்ணீரை யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று ஆள் பார்த்து வைக்கச் சொல்வார்கள். வகுப்பில் முதல் மாணவன் என்பதால் என்னை வைக்கச் சொல்லியிருந்தார்கள். பிறந்ததிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது. அதைத் தூக்கி, ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட மாமாவுக்குக் கொடுத்தால்?

“இல்ல சார்! நான்தான் வச்சேன். மூணு சொட்டு!”

பெரியம்மாவின் முகம் வெளுத்தது. அம்மா என் தொடையைத் திருகினார். இன்ஸ்பெக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“நீ எப்ப தம்பி அங்க போன?”

“ரெண்டு மணிக்கு சார். அம்மா சுடுதண்ணி பிளாஸ்க் குடுத்து அனுப்புனாங்க. பெரியம்மா அதை வாங்கிக்கிட்டு, கூப்பிடுற வரைக்கும் வாசல் அஞ்சடித் திண்ணையில உக்காருன்னு சொன்னாங்க.”

“உக்காந்து என்னா செஞ்ச?”

“சிலிப்பர் எண்ணுனேன். மூணு சோடி. பெரியம்மாவோடது, அந்த வீட்டு ஆன்டியோடது, மாமாவோடது. மாமாவோடதுல இடது வாருக்கு ஊக்கு குத்தியிருக்கும்.”

“கெளம்பறப்ப?”

“மழை விட்டப்புறம்தான் சார் வந்தேன். அப்பவும் மூணு.”

“மாமாவைப் பாத்தியா?”

“இல்ல. சேனை வைக்கப் பிள்ளைய ஹாலுக்குத் தூக்கிட்டு வந்து கூப்பிட்டாங்க, மாமா அங்க இல்ல. கரண்டி கழுவக் குசினிக்குப் போனேன், அங்கயும் இல்ல.”

“பின்கதவு வழியா வெளிய போயிருப்பாரு.”

“உள்ளார தாழ்ப்பாள் போட்டிருந்திச்சி சார். ரெண்டு தாழ்ப்பாளும்.”

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் பெரியம்மாவைப் பார்த்தார். எல்லா வீடும் ஒரே மாதிரிதான்: ஒரு ஹால், ஒரு குசினி, ஒரே ஒரு அறை. அந்த அறையில்தான் பிரசவம் நடந்தது.

பெரியம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மெதுவாகச் சொன்னார். “புருசன் கிள்ளான்ல டூட்டிக்குப் போயிருக்கிற வீடு, சார்.”

“எனக்கு ஒண்ணும் கேக்கல மிசி.”

அவர் எழுதியிருந்த தாளைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். புதுத் தாளில் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினார். ஞாயிறு மத்தியானம் இரண்டு மணியிலிருந்து மழை விடும்வரை என் மாமா ஏழாம் எண் வீட்டு ஹாலில் இருந்தார்; குழந்தைக்குச் சேனை வைத்தவர் அவரே.

“பொய் சார்!” என்றேன். அம்மா என்னைக் காதைப் பிடித்து அறைக்குள் இழுத்துப் போனார்.

மறுநாள் சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்தார். அடுத்த வாரம் பந்திங்கில் ஒருவன் பிடிபட்டான். மண்டோரின் கைக்கடிகாரத்தை அவன் கையிலேயே கட்டியிருந்தான். கொலையை ஒப்புக்கொண்டானாம். பழைய பகை என்றார்கள். போலீஸ் புத்தகத்தில் என் சேனையைத் திருடிய இன்ஸ்பெக்டரை மட்டும் நான் மன்னிக்கவில்லை.

எனக்கு நாற்பத்தொரு வயதானபோது பெரியம்மா சொன்னார். அன்று குழந்தை கீழே இறங்காமல் நின்றுவிட்டது. தாயைப் பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பிடிக்கப் பலமுள்ள ஆள் வேண்டும். மழையில் யாரைத் தேடுவது? தம்பியை உள்ளே கூப்பிட்டார். மாமா கண்ணை மூடிக்கொண்டு, அழுதுகொண்டே, இரண்டு மணி நேரம் பிடித்திருந்தாராம். பிள்ளை பிறந்த பிறகும் ரத்தப்போக்கு நிற்கும்வரை விட முடியவில்லை. ஆண்பிள்ளை கால் வைக்காத அறையில் வேற்று ஆண் இருந்தான் என்று வெளியே தெரிந்திருந்தால், அந்தப் பெண்ணைப் புருஷனும் வைத்திருக்க மாட்டான், பெற்றவர்களும் சேர்த்திருக்க மாட்டார்கள். மாமா லாக்கப்பில் வாங்கிய அடியில் இரண்டு பல் போயிற்று. அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் குழந்தை வளர்ந்து கணக்கில் தோற்றது, ஊர் அதிரச் சிரித்தது. இன்ஸ்பெக்டர் எழுதிவைத்ததுதான் பலித்தது போல.

ஆனால் எட்டு வயதில் எனக்கு இதெல்லாம் தெரியாது. வீடு திரும்பிய நாளிலிருந்து மாமா செய்த ஒரு காரியத்தை மட்டும் கவனித்தேன். பட்டறைக்குப் போக எங்கள் வரிசையோடு நேராக நடந்தால் போதும். அவரோ பின்பக்கம் இறங்கி, சாக்கடை ஓரமாக வரிசையையே சுற்றிக்கொண்டு போனார். ஏழாம் வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. அந்தப் பெண் அவர் கண்ணெதிரே நிற்கும்படி ஒருநாளும் வைக்கவில்லை. பள்ளிக்கூடமும் அதே திசையில் இருந்ததால் நானும் அவரோடு நடந்தேன். எண்ணியும் பார்த்தேன்.

“மாமா, நேரா போனா எரநூத்துப் பன்னெண்டு அடி. நீங்க போறது ஐநூத்து அறுபது.”

“எனக்குக் கணக்கு வராதுடா” என்று, முன்பல் இல்லாத வாயால் சிரித்தார். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியிருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் ஏழு மாதம் இப்படியே போனது. பிறகு ஏழாம் வீட்டுக்காரர்கள் கிள்ளானுக்கே மாற்றலாகி, லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு நேர்வழியில் நடந்தார். நான் இவ்வளவு நாள் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை, மாமாவுக்கு ஒருவழியாகக் கணக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.