சர்க்கரை ஒட்டாத பூச்சி

செஞ்சியிலிருந்து அனந்தபுரம் போகும் வழியில் எங்களுக்கு ஒரு துண்டு நெல் வயல் இருக்கிறது. புகையான் என்கிற பாழாய்ப்போன பூச்சி, தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சி, பயிரை வட்டம் வட்டமாகத் தீய்த்துவிடும். அதன் மேலிருந்த கோபத்தில்தான் நான் பூச்சியியல் படிக்கக் கோயம்புத்தூர் போனேன். அதைத் தோலுரிக்கவிடாமல் செய்ய முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. அப்போதெல்லாம் தினமும் போனில் நைனா முதலில் கேட்பது, "இன்னாம்மா, பூச்சி தோல உரிச்சிச்சா?"

போன வருஷம் ஒரு நாள் அது உரிக்கவில்லை. தலைகால் புரியாமல் அவருக்குத்தான் முதலில் சொன்னேன்.

"வளர வளர அது தோல உரிக்கணும் நைனா. அது உடம்புல, புரதத்துமேல சக்கரைய ஒட்டவைக்கிற ஜீன் இருக்குது. அத அடக்கிட்டோம். பழைய தோலுக்குள்ளயே மாட்டிக்கினு செத்துடுச்சு."

நைனாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. "நமக்கு சக்கர ஏறுனா சாவு, அதுக்கு ஒட்டலன்னா சாவா!" என்று சிரித்தார்.

அதே சிரிப்போடு டீக்கடைக்குப் போய், மகள் புகையானுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பக்கத்து வயல்காரர்களெல்லாம் மருந்தடித்தபோது, என் மருந்து வரட்டும் என்று இவர் மட்டும் அடிக்காமல் இருந்துவிட்டார். இது எனக்குத் தெரியாது.

பொங்கலுக்கு வந்தபோது பாதி வயல் தீய்ந்து கிடந்தது. வரப்பில் நின்று, "மருந்த எடுத்தாந்தியா?" என்றார்.

"அது மருந்து இல்ல நைனா, ஊசி. மைக்ராஸ்கோப்புல பாத்து ஒவ்வொரு பூச்சிக்கும் தனித்தனியா போடணும்."

அவர் வயலைப் பார்த்தார். "இத்தினிக்குமா?"

சாயங்காலம் டீக்கடையில் ஒருவர், "ஏட்டு சொரக்கா கறிக்கு ஆவுமா?" என்று என் காதுபடவே சொன்னார். நைனா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "எம் பொண்ண ஏன்யா இழுக்கிற? அடிக்காம உட்டது நானு." அவர் அப்படிச் சொன்னது இன்னும் எனக்கு வலிக்கிறது.

இந்த வருஷம் அவலூர்பேட்டைக் கடையில் மருந்து வாங்கி அடித்தார். பயிர் தப்பியது.

போன வாரம் எங்கள் ஆய்வகத்தில் ஊசி இல்லாமல், செடியில் தெளித்தே அந்த ஜீனை அடக்கிப் பார்த்தோம். சில பூச்சிகள் தோலுரிக்க முடியாமல் செத்தன. ஓடிப்போய் நைனாவுக்குப் போன் போட்டேன்.

"சாப்டியாம்மா?" என்றார்.

பூச்சியைப் பற்றிக் கேட்பார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். கேட்கவில்லை.

"சாப்ட்டேன் நைனா" என்றேன்.