காசு கொடுத்துக் கறுப்பவர்கள்

சித்தியின் மகன் அமெரிக்காவிலிருந்து வந்து வான் வண்டியிலிருந்து இறங்கியபோது, ஸ்கந்தபுரத்தில் எங்கள் ஒழுங்கைச் சனமே படலையடிக்கு வந்து பார்த்தது. தலைமயிரை ஜெல் பூசி முள்ளுமுள்ளாக நிறுத்தியிருந்தான். கையில்லாத இறுக்கமான வெள்ளை பெனியன், கழுத்தில் தடித்த சங்கிலி, தோளிலிருந்து முழங்கை வரை பச்சை குத்தியிருந்தான். நெஞ்சில் மருந்துக்குக்கூட ஒரு மயிர் இல்லை. அம்மா அவனைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, தன் கையை எடுத்து மணந்து பார்த்தார். அவ்வளவு சென்ட்.

அவன் வளர்ந்தது நியூஜெர்சியில். ஒரு காலத்தில் இத்தாலியிலிருந்து குடிவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நிறைந்த தெரு அது. கூட்டாளிமார் எல்லாரும் அவர்கள்தான். கோடை வந்தால் சனிக்கிழமைகளில் கடற்கரைக்குப் போவதற்காகவே கிழமை முழுக்க ஆயத்தம் செய்வார்களாம். புருவம் திருத்த ஒரு நாள், சங்கிலி மினுக்க ஒரு நாள். அங்கே போய்ப் பாட்டைப் பெலத்துப் போட்டு, கையைப் பொத்தி ஆகாயத்தைக் குத்திக் குத்தி ஆடுவார்களாம். எங்கள் முற்றத்தில் ஆடியும் காட்டினான். கோழிகள் வேலிக்கு அப்பால் ஓடிவிட்டன.

அவர்களுக்கென்று ஒரு பேச்சும் இருந்தது. இத்தாலிச் சொல்லை எடுத்து வாலை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கதைப்பார்கள். விசரனுக்கு ‘ஸ்டுனாட்’. ஆரும் கரைச்சல் தந்தால் ‘ஆஜிடா’. அப்படியென்றால் என்னவென்று கேட்டேன், வயிறு எரிகிறது என்றான். அடப்பாவி, அதைத்தானே நாங்களும் வயித்தெரிச்சல் என்கிறோம்! அம்மா அந்தச் சொல்லை உடனே பிடித்துக்கொண்டார். கரண்ட் போனாலும் ஆஜிடா, பால்காரர் பிந்தினாலும் ஆஜிடா.

முதல் ஞாயிறு முல்லைத்தீவுக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். உச்சி வெய்யிலில் துவாயை விரித்து, உடம்பெல்லாம் எண்ணெய் பூசி, மல்லாக்கப் படுத்தான். வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஓடிவந்து, பொடியனுக்கு என்ன, மயக்கமோ என்று விசாரித்தார்கள். அம்மா பக்கத்தில் குந்தி அவனுக்குக் குடை பிடித்தார். அவன் நகர நகர அம்மாவும் குடையோடு நகர்ந்தார். வெய்யில் வேணும் பெரியம்மா, கறுக்கத்தான் வந்தனான் என்று அவன் கெஞ்சியதை அம்மா பகிடி என்றே எடுத்துக்கொண்டார். கறுக்க ஆசைப்படும் ஒரு மனுசனை அவர் சீவியத்தில் கண்டதில்லை.

அம்மாவுக்கு நிறம் அவ்வளவு பெரிதாகப் போனதற்குக் காரணம் நான்தான். நான் கறுப்பு. விதைநெல் விற்கிற கம்பனி ஒன்றில் எனக்கு வெளிக்கள வேலை. துணுக்காய்ப் பக்கமெல்லாம் ஸ்கூட்டியில் வயல் வயலாக அலைவேன். வேலை எனக்குத் தண்ணீர்பட்ட பாடு, கமக்காரர் என்னைக் கண்டால் இருக்கக் கதிரை எடுத்துப் போடுவார்கள். ஆனால் அப்பா இல்லாத வீட்டில் எனக்குக் கலியாணம் பேசுகிற பொறுப்பு முழுக்க அம்மாவின் தலையில். வருகிற சம்பந்தமெல்லாம் நிறத்தில் வந்து முட்டி நின்றன. கடைசியில் அம்மா ஸ்டூடியோவில் சொல்லி என் படத்தை வெளுக்க வைத்தார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் புளியங்குளத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது.

மாப்பிள்ளை என்னோடு போனில் கதைத்தார். எனக்கு அவரைப் பிடித்துக்கொண்டது. என் பகிடிகளுக்கு ஒரு கணம் பிந்திச் சிரிப்பார், அது பிடித்தது. படத்தில் இருக்கிற நிறம் என்னுடையதில்லை என்று முதல் நாளே அவருக்குச் சொல்லிவிட்டேன். அதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று சிரித்தார். நான் நம்பினேன்.

அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் பின்னேரம், அம்மா ஒரு கிண்ணத்தில் பால்போல வெள்ளையாக ஏதோ கொண்டுவந்தார். சித்தி அனுப்பிய முகக் கிறீமாம். நான் வேலைக் கணக்கில் மூழ்கியிருந்தேன், வேண்டாம் என்றால் அதற்கு ஒரு மணித்தியாலம் கதைக்க வேண்டும். சரி, பூசித் தொலையுங்கோ என்று முகத்தையும் கையையும் நீட்டினேன். கருகின விசுக்கோத்துப்போல மணந்தது. மிச்சத்தை அம்மா தன் முகத்திலும் தடவிக்கொண்டார்.

விடிய எழும்பிக் கண்ணாடியைப் பார்த்தேன். முகம் செம்மஞ்சளாக, புருவ ஓரமெல்லாம் திட்டுத்திட்டாக இருந்தது. விரல் மூட்டுகள் கன்னங்கரேலென்று கிடந்தன. குசினிக்குள் ஓடினால், அங்கே அம்மாவும் அதே கோலத்தில் புட்டு அவித்துக்கொண்டு நிற்கிறார். அமெரிக்காத் தம்பி வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தன் பைக்குள் இருந்த போத்தலை எடுத்துக் காட்டினான். வெய்யில் இல்லாத நாட்களில் அவனும் கூட்டாளிமாரும் கறுப்பதற்குப் பூசுகிற களிம்பு அது. போத்தலில் ஒரு வெள்ளைக்காரி சிரிப்பதைக் கண்டு, சித்தி அனுப்பிய வெளுக்கிற மருந்து என்று நினைத்து அம்மா எடுத்துவிட்டார். தேசிக்காய், கடலைமா, தயிர் எல்லாம் போட்டுத் தேய்த்தோம். ஒன்றும் அசையவில்லை.

பத்து மணிக்கு மாப்பிள்ளையும் தாயும் வந்தார்கள். நான் தேத்தண்ணியோடு போனேன். தாய் என் முகத்தைப் பார்த்தார், என் அம்மாவின் முகத்தைப் பார்த்தார், பிள்ளை படத்தில் நல்ல வெள்ளையாக அல்லவா இருந்தவ என்று மெல்லக் கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

“அது ஸ்டூடியோக்காரரின்ர நிறம், மாமி. இது தம்பியின்ர களிம்பின்ர நிறம். என்ர நிறம் ஒரு கிழமையில திரும்பி வரும், அதுவும் கறுப்புத்தான்.”

ஜெல்லும் சங்கிலியுமாக மூலையில் நின்ற தம்பி, தங்கள் இடத்தில் இதைக் காசு கொடுத்துப் பூசுவார்கள் என்று எனக்காகச் சாட்சி சொன்னான். ஆர் காசு குடுத்துக் கறுக்கிறது என்று தாய் கேட்டதற்கு, நாங்கள்தான், கறுத்தால்தான் எங்களுக்கு எடுப்பு என்று நெஞ்சை நிமிர்த்தினான். தாய்கூடச் சிரித்துவிட்டார். நானும் பாரம் இறங்கினதுபோல் சிரித்தேன்.

சிரித்து முடித்துத் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டுத் தாய் சொன்னார்:

“பிள்ளையின்ர நிறம் அப்பிடியெண்டா, சீதனமாப் பேசின வயற்காணியோட இந்த வீட்டுக்காணியையும் சேத்து எழுதினா நல்லம்.”

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் சொன்னால் போதும் என்று எவ்வளவு நேரம் காத்திருந்தேனோ தெரியாது. அவர் வாய் திறக்கவில்லை.

திறந்தது அம்மா. என் நிறத்தை எண்ணிக் கோயில் கோயிலாக நேர்த்தி வைத்த அதே அம்மா, திட்டுத்திட்டான முகத்தோடு கதிரையை விட்டு எழும்பினார்.

“என்ர பிள்ளை கறுப்பெண்டு நான் ஆருக்கும் நட்டஈடு கட்டமாட்டன். குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ.”

அவர்கள் போன பிறகு அம்மா கோப்பைகளை எடுக்கக் கை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். அம்மாவை நினைக்கப் பெருமையாக இருந்தது, மாப்பிள்ளையை நினைக்க அழுகை வந்தது, இரண்டையும் ஒன்றாகவே அழுதேன்.

பின்னேரம் அவர் போன் எடுத்தார். தன் அம்மா அப்படித்தான், பழைய ஆள், மனசில் வைக்க வேண்டாம் என்றார்.

“நீங்களும் அங்கைதானே இருந்தனீங்கள்,” என்றேன்.

அவர் பதிலை யோசித்துக்கொண்டிருக்க, நான் போனை வைத்தேன்.