கறுப்புத் துணிக்குள் ஓர் ஆறு

மெரியலுக்குக் கேமராவே வேண்டாம். புகைப்படத் தாளை அப்படியே ஆற்றில் முக்கி, கூழாங்கல் வைத்து அழுத்திவிட்டு, வெயில் அதன்மேல் என்ன வரைகிறதோ வரையட்டும் என்று கரையில் உட்கார்ந்திருப்பாள். இங்கிலாந்தின் டெவன் மழையில் வெயில் வந்தால்தானே! பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வுபெற்றவளுக்கு இதென்ன கிறுக்கு என்று ஊர் முதுகுக்குப் பின்னால் பேசியது. முகத்துக்கு நேரே, "ரொம்ப சுவாரசியமா இருக்கு" என்றது. எங்கள் ஊரில் அதைவிட மோசமான வசவு கிடையாது.

அவள் புருஷன் டென்சில் மட்டும் ஒளித்துப் பேசவில்லை. தூண்டிலும் கையுமாக அதே ஆற்றில் காலம் தள்ளியவன். "தாளை ஊறப்போட்டு என்னத்தைக் கண்டே? மீனைக் கலைச்சதுதான் மிச்சம்" என்பான். ஒரு படத்தையும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. ஊர் எப்படியோ போகட்டும், அவன் ஒரு தடவை பார்த்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அந்த வசந்தத்தில் ஒரு படம் வாய்த்தது. ரோஜா நிறத்தில் நீரோட்டம், உள்ளே நரம்பு நரம்பாக வெயில். மருந்தில் கழுவினால் படம் நிலைக்கும்; ஆனால் அந்த நிறம் செத்துப்போகும். கழுவாவிட்டால் வெளிச்சம் படப்பட முழுவதும் கறுத்துவிடும். அவள் கழுவவில்லை. ஊர் மண்டபத்தில் கறுப்புத் துணி போட்டு மூடிவைத்தாள். "துணியைத் தூக்கி ஒரு கணம் பாருங்க, உடனே மூடிடுங்க" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

எங்கள் ஊர் மரியாதை சும்மா விடுமா? சட்டென்று மூடினால் அவள் மனசு புண்படுமே என்று ஆளாளுக்குத் துணியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். தபால் நிலையத்து வினிஃப்ரெட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். யாரோ ஒரு புண்ணியவான் விளக்கை வேறு அந்தப் பக்கம் திருப்பிவைத்தார். மெரியல் வாயைத் திறக்கவில்லை. அவளும் இந்த ஊர்க்காரிதானே.

டென்சில் டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். வரிசையில் தன் முறை வந்தபோதெல்லாம், "அட, நீங்க முதல்ல பாருங்க" என்று பின்னால் நின்றவர்களை முன்னே அனுப்பினான். அவன் கழுத்தைப் பிடித்துத் தள்ளலாமா என்றிருந்தது அவளுக்கு. கடைசி ஆளாக அவன் துணியைத் தூக்கியபோது தாள் முழுக்க ஒரே கறுப்பு.

அவன் நெடுநேரம் பார்த்தான்.

"ராத்திரியில நம்ம ஆறு," என்றான். "ஒரு மீனும் சிக்காம நான் நிக்கிறப்போ இப்படியேதான் இருக்கும். இதெல்லாம் நீ எப்போ பார்த்தே?"

மெரியலுக்கு அழுகை வந்தது. பாழாய்ப்போன சந்தோஷமும் கூடவே வந்தது.

"வீட்டுல மாட்டலாமா?" என்றான்.

"மாட்டலாம்," என்றாள். "துணி இனிமே வேண்டாம்."