ஆறு சதவீதம் நீண்ட இறக்கை

மே மாதத்துப் புதன்கிழமை மதியம். வீட்டுக் கூடத்தில் ரிமோட் விமானத்தின் பாகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, அடிப்பலகையை மூன்றாவது முறையாகப் பொருத்திப் பார்த்தேன். பக்கப் பலகைகள் இரண்டையும்விட அது இரண்டரை சென்டிமீட்டர் குட்டையாக இருந்தது. நான்தான் தப்பாக வெட்டியிருப்பேன் என்று நினைத்தேன். எது தவறினாலும் எனக்கு முதலில் அப்படித்தான் தோன்றும்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் மகள் படிக்கும் பள்ளியின் மைதானத்தில் அந்த விமானம் பறந்தாக வேண்டும். பறந்தால் ஜூனிலிருந்து சனிக்கிழமை வகுப்பு எனக்கு. நான் விமானப் பொறியியல் படித்தவள். படிப்பு முடிந்த வருடமே கல்யாணம், அடுத்த வருடம் மகள். பிறகு கணவரின் பனியன் யூனிட்டில் வெளிநாட்டு பையர்களின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது, தைத்து வந்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கில் உட்காருவது என்று எட்டு வருடம் ஓடிவிட்டது. ரிமோட் விமானம் செய்யக் கற்றுத்தரப் பள்ளியில் ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், ஒரு வாரம் யோசித்துவிட்டுப் போய்க் கேட்டேன். தலைமை ஆசிரியை என் சான்றிதழைத் திறந்தே பார்க்கவில்லை.

"நெறையப் பேரு வந்து நல்லாப் பேசீட்டுப் போறாங்க. நீங்க செஞ்சத ஒண்ணு பறக்கவிட்டுக் காட்டுங்க, போதும்" என்றார்.

இரட்டை இறக்கை வைத்த, ஏறக்குறைய நூறு வருடப் பழைய பயிற்சி விமானம் ஒன்றின் வரைபடம் இணையத்தில் கிடைத்தது. ஃபோம் போர்டில் செய்வதற்கென்றே வரைந்தது. இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டிய அந்த மெல்லிய பலகையைக் கத்தியால் கீறி மடித்து, சூடான பசையால் ஒட்டினால் போதும். வரைபடத்தை முழு அளவில் அச்சிட வேண்டும். அதற்கு எங்கள் யூனிட்டிலேயே ப்ளாட்டர் இருந்தது. சட்டைத் துணியை வெட்டுவதற்கான பேட்டர்னை நீளமான தாளில் வரைந்து தள்ளும் இயந்திரம். பேட்டர்ன் மாஸ்டர் மதுரைப் பக்கத்துக்காரர். திரையைப் பார்த்துவிட்டு, "மேடம், இந்த ஸ்டைலுக்குக் கழுத்து எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே, "நீங்க வழக்கமாப் போடற மாதிரியே போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை அவருக்கே போன் செய்தேன்.

"ஷ்ரிங்கேஜ் போடாம எப்படி மேடம் குடுக்கறது? நீளத்துல ஆறு பர்சன்ட், அகலத்துல மூணு. எல்லா ஃபைலுக்கும் போடுற மாதிரிதான் போட்டேன். நீங்கதானே சொன்னீங்க?"

"அது துணி இல்லீங்களே, அட்டைங்க."

"அட்டை சுருங்காதா மேடம்?"

பனியன் துணி துவைத்தால் சுருங்கும். அதனால் முன்கூட்டியே பெரிதாக வெட்டுவார்கள். துணி அகலத்தைவிட நீளத்தில் அதிகம் சுருங்கும் என்பதால் இரண்டுக்கும் வேறு வேறு கணக்கு. தாளை மிச்சப்படுத்த அவர் சில பாகங்களைக் குறுக்காகத் திருப்பி அடுக்கியிருந்தார். நீளவாக்கில் இருந்த இறக்கைகளும் பக்கப் பலகைகளும் ஆறு சதவீதம் நீண்டுவிட்டன. குறுக்கே கிடந்த அடிப்பலகை மூன்று சதவீதம்தான் நீண்டிருந்தது. பலகை எல்லாவற்றையும் வெட்டி முடித்திருந்தேன். கோயம்புத்தூர்க் கடையில் இருப்பு இல்லை, புதிதாக வரவழைக்க ஐந்து நாள் ஆகும் என்றார்கள்.

மாலையில் கணவர் வந்து பார்த்தார். "இதுக்கேன் புள்ள இப்பிடி உக்காந்திருக்கற? ஒருக்கா வாஷிங்ல போட்டு எடு, கரெக்ட் சைஸுக்கு வந்துரும்."

மகள் தரையில் உருண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பு சரியில்லை, இரண்டு வாரம் தள்ளி வைக்க முடியுமா என்று தலைமை ஆசிரியைக்குச் செய்தி தட்டச்சு செய்தேன். அழித்தேன். மறுபடியும் அடித்து, மறுபடியும் அழித்தேன். பொய் சொல்லத் தயங்கினேன் என்பது பாதிதான் உண்மை. ஜூன் பிறந்தால் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வந்துவிடும். இங்கே காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம், அது ஓயும்வரை வகுப்பில் விமானத்தைச் செய்யலாமே தவிர, பறக்கவிட்டுக் காட்ட வழியே இல்லை.

அந்த ப்ளாட்டர் தாளையே திருப்பிப்போட்டுக் கணக்குப் போட்டேன். இறக்கை நீளத்தில் ஆறு, அகலத்தில் மூன்று. பரப்பு ஒன்பது சதவீதம் கூடுகிறது. பலகையின் எடையும் கூடும்தான். ஆனால் மோட்டாரும் பேட்டரியும் அதே எடைதான். அப்படியானால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் இறக்கையும் தாங்க வேண்டிய சுமை குறைகிறது. விமானம் இன்னும் மெதுவாகவே பறக்கலாம். மூன்றாம் வருடத்தில் படித்தது. மறந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். இரண்டு முறை சரிபார்த்தேன், மூன்றாவது முறையும் பார்த்தேன். மிச்சத் துண்டுகளை ஒட்டி அடிப்பலகையை மட்டும் புதிதாகச் செய்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பொங்கலூரில் இருக்கும் என் அண்ணன் காட்டுக்குப் போனோம். சோளம் அறுத்த வெற்று நிலம். கணவர் கையிலிருந்து விட்டதும் விமானம் மூக்கைத் தூக்கி நின்று, வால் பக்கமாகச் சறுக்கி, மூக்குக் குத்த விழுந்தது. ப்ரொப்பெல்லர் ஒடிந்தது. காரணத்தைத் தேடவே வேண்டியதில்லை. உடைந்துவிடுமோ என்ற பயத்தில் வாலுக்கு மூன்று சுற்று டேப் ஒட்டியிருந்தேன். அந்தக் கனம் பின்னால் இழுத்தது. அங்கேயே உட்கார்ந்து இரண்டு சுற்றை உரித்தேன். பேட்டரியை ஒரு விரற்கடை முன்னே தள்ளினேன். வேறு ப்ரொப்பெல்லர் மாட்டி நிமிர்ந்தபோது காற்று எழும்பியிருந்தது. அதன் பிறகு விட்டுப்பார்க்க முடியவில்லை.

அதனால் சனிக்கிழமை மைதானத்தில் நின்றபோது, அது பறக்குமா என்று எனக்கே தெரியாது. மூன்று மாதமாகக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் ஓட்டிப் பழகியிருந்தேன். தலைமை ஆசிரியை குடையோடு ஓரமாக நின்றார்.

"எறியாதீங்க, சும்மா விடுங்க" என்றேன் கணவரிடம்.

"நீ மொதல்ல மூச்சு விடு" என்றார்.

விட்டார். விமானம் ஒரு கணம் தாழ்ந்தது. பிறகு இரண்டு இறக்கைகளும் காற்றைப் பிடித்துக்கொண்டன. வேகமே இல்லை. மிதிவண்டி போகிற வேகத்தில், தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, வேப்ப மரத்துக்கு மேலே போய், நான் திரும்பச் சொன்ன பக்கமெல்லாம் திரும்பியது. மகள் ஏதோ கத்திக்கொண்டே அதன் கீழே ஓடினாள். மூன்று சுற்று. தரையிறக்கும்போது சக்கரம் கல்லில் பட்டுக் கழன்றுபோக, விமானம் குப்புறக் கவிழ்ந்தது.

தலைமை ஆசிரியை நடந்து வந்து அதைத் திருப்பிப் போட்டார். "அசலோட அளவுக் கணக்குப்படி செஞ்சதுங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? "இல்லீங்க மேடம். எங்க மாஸ்டரு துணின்னு நெனச்சு ஷ்ரிங்கேஜ் போட்டுட்டாருங்க. நானும் பாக்காம வெட்டீட்டனுங்க."

அவர் என்னையே பார்த்தார். "எத்தன பர்சன்ட்டுங்க?"

"ஆறும் மூணுமுங்க."

"எங்கூட்டுக்காரருக்கும் பனியன் யூனிட்டுதானுங்க. அஞ்சும் மூணுமுன்னு கொறச்சுப் போட்டு, சட்டையெல்லாம் சுருங்கி, ஒரு கன்டெய்னர் சரக்கே திரும்பி வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, குடையை மடக்கிச் சிரித்தார். "உங்களுதாவது பறந்துச்சு. இது ஒடஞ்சா பசங்களே ஒட்டுவாங்களா?"

"ஒட்டுவாங்க மேடம். ஒடையாம யாரும் கத்துக்க முடியாதுங்க."

"அப்ப ஜூன்ல மொத சனிக்கிழமை வந்துருங்க."

வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்ற வாக்கியம் வாய் வரை வந்தது. "வர்றனுங்க" என்றேன்.

கணவர் பக்கத்தில் போய், "உங்களக் கேக்காமயே சொல்லீட்டனுங்க" என்றேன்.

"என்னத்தக் கேக்கோணும்?" என்றவர், கழன்ற சக்கரத்தைத் தேடிக் குனிந்து, மகளைக் கூப்பிட்டார். "கண்ணு, அந்தப் பக்கம் போய்ப் பாரு. கருப்பா, பொத்தான் மாதிரி இருக்கும்."

மூவரும் புல்லில் தேட ஆரம்பித்தோம்.