தைலப்புல் வாசம் பிடித்து அம்மாவைத் தேடியது

அம்மா கம்பத்தில் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்; வீட்டில் ஒரு பசுவும் வளர்க்கிறார். தினமும் தூரத்தில் பார்க்கிற மேகமலைக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. எனக்கு முதல் சம்பளம் வந்ததும், ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போனேன்.

சின்னமனூரிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். பேருந்து உண்டு. அதற்கும் மேலே புல்மேடுகளைப் பார்க்க ஜீப்தான் வேண்டும். வாடகை நான்காயிரம் என்றார் ஓட்டுநர் காஜா அண்ணன். எனக்குப் பேரம் பேச வாய் வரவில்லை. அம்மா பேசி முந்நூறு குறைத்தார்.

தேயிலைத் தோட்டங்கள் முடிந்ததும் மலைமடிப்புகளில் மட்டும் சோலைமரங்கள்; மற்றதெல்லாம் இடுப்புயரப் புல். தரிசு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் உரசிப்போகும் மேகத்தின் ஈரத்தைப் பிடித்து மண்ணில் ஊறவிட்டு, கோடையிலும் ஓடைகளுக்குத் தண்ணீர் தருவது இந்தப் புல்தான்.

பதினொன்றரைக்கு ஜீப் நின்றது. பாதையோரம் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது.

"காட்டுமாடு இப்பத்தான் போயிருக்கு. ரோட்ட விட்டு எறங்காதீக" என்றார் காஜா அண்ணன்.

நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே மூடுபனி இறங்கிவிட்டது. திரும்பினால் அம்மா இல்லை.

"'நம்ம பசுவுக்கு இந்தப் புல்லுல ஒரு கட்டு போதும்'னு ஒங்கம்மா சொன்னாக. சும்மா சொல்றாகன்னு நெனச்சேன்" என்றார் அண்ணன், முகம் வெளிறி.

கூப்பிட வாயைத் திறந்தேன். கைகாட்டித் தடுத்தார். கீழே, புல்லுக்குள், கனமான ஒரு மூச்சுச் சீறல்.

"கத்துனா மெரண்டுரும் பாப்பா. எங்கிட்டுப் பாயும்னு தெரியாது."

வகுப்பில் பேர் சொல்லவே கூசியவள் நான். வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தத் தோன்றியது, கத்த முடியவில்லை.

அப்போதுதான் எலுமிச்சை வாசம் வந்தது. தைலப்புல்லை ஒடித்தால்தான் அப்படி மணக்கும். குனிந்து பார்த்தேன்: பாதையோரம் பிடி பிடியாகப் பறித்த தடம் சரிவில் இறங்கியது. ஒடிந்த தண்டைத் தடவி, முகர்ந்து, அடுத்ததைத் தேடி இறங்கினேன். என் துப்பட்டா முனையைப் பிடித்தபடி அண்ணன் பின்னால் வந்தார்.

அம்மா குந்தியிருந்தார். மடியில் புல், வாயைப் பொத்திய கை. அவருக்கு முன்னால், ஜீப் நீளத் தூரம்கூட இராது, பனிக்குள் வெள்ளை உறை மாட்டியது போல நான்கு கால்கள். அதற்கு மேலே பாறை போன்ற கறுத்த உடம்பு. புல்லை மெல்லும் சத்தம் தெளிவாகக் கேட்டது. நான் அம்மாவின் தோளைத் தொட்டேன். அவர் திரும்பவில்லை. மூவரும் அப்படியே இருந்தோம். கால்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் மறைந்தன.

ஜீப்புக்கு வந்துதான் பேச்சு வந்தது. "ஆத்தாடி, அதுக்குப் பக்கத்துல நம்ம பசு பூனைக்குட்டி" என்றார் அம்மா.

"புல்லுக்கட்டக் கீழ போட்ருங்கக்கா, செக்போஸ்ட்ல கேப்பாக" என்றார் அண்ணன்.

"அது திங்கிற புல்லுதான, அதுக்கே இருக்கட்டும்" என்று அம்மா கட்டை இறக்கிவைத்தார்.

போகிறவர்களுக்கு: மாலை ஆறுக்குள் சோதனைச்சாவடியைக் கடக்க வேண்டியிருக்கும், போகும்போதே நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். அம்மா கட்டியிருந்தது பச்சைச் சேலை. எதையும் பறிக்காதீர்கள். வீட்டில் மாடு வளர்க்கிறவரைக் கூட்டிப்போனால் கையை விடாதீர்கள்.

வீட்டில் பசு, கீறல் விழுந்து இன்னும் எலுமிச்சை மணக்கும் அம்மாவின் கைகளை முகர்ந்து, தும்மிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"உசுரக் குடுத்துப் பறிச்சேன். மொகரையப் பாரு" என்றார் அம்மா.