விறகை நகர்த்தச் சொன்னவள்: போடிமெட்டுச் சாலையில் மூன்று நாள்

போடி மலைக்குப் போக எந்த மாதம் நல்லது என்று கேட்டு இந்த மாதம் மட்டும் மூன்று பேர் எனக்கு எழுதிவிட்டார்கள். அதில் ஒருவர் ஆராய்ச்சி மாணவி. ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் சுற்றுச்சூழலைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஆய்வு செய்யப் போகிறாராம். தங்க இடமும் ஜீப் வசதியும் கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் கிட்டத்தட்ட அதே வேலைக்காக 1984 ஐப்பசியில் நானும் அங்கே போயிருக்கிறேன். அதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. மதுரையில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். என் தலைப்பு, வேலை செய்யும் இடத்தில் விறகுச் சிக்கனம். அதன் கொள்கை ரொம்ப எளிது. தொழிலாளிக்கு விஷயம் தெரிந்தால் மனம் மாறும், மனம் மாறினால் வேலை செய்யும் விதம் மாறும், அது மாறினால் காட்டில் மரம் மிஞ்சும். புத்தகத்தில் மூன்று கட்டம் போட்டு நடுவே அம்புக்குறி போட்டிருந்தார்கள். அந்த அம்புக்குறிகளை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன்.

மதுரையிலிருந்து போடிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர். காலை ஏழரைக்குக் கிளம்பிய பாசஞ்சர் ரயில் பதினொன்றரைக்குக் கொண்டுபோய் விட்டது. டிக்கெட் ஏழு ரூபாய். ஆண்டிபட்டிக் கணவாயில் ரயில் மூச்சு வாங்கியபோது இறங்கிக் கூடவே நடந்துவிடலாம் போலிருந்தது. போடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து லாட்ஜில் அறை, நாளுக்குப் பதினெட்டு ரூபாய். ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை. ஏலக்காய்க் கமிஷன் கடைகளிலிருந்து வரும் வாசனை தலையணை வரைக்கும் ஏறியிருந்தது.

மறுநாள் காலை ஐந்தரைக்கு, காய் பறிக்கப் போகிற பெண்களோடு ஜீப்பில் ஏறினேன். தோட்ட முதலாளியிடம் முன்பே அனுமதிக் கடிதம் வாங்கி வைத்திருந்தேன். டிரைவர் மொக்கச்சாமி ஐம்பதைத் தாண்டியவர். பதினாலு பேர் உட்கார்ந்த பிறகும், "வெரசா ஏறு ஆத்தா, எடமாக் கெடயாது?" என்று என்னையும் உள்ளே திணித்தார். முந்தல் வரை சமதரை, எட்டு கிலோமீட்டர். அதற்குமேல் கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது எண்ணினேன், பதினேழு. இறங்கும்போது எண்ணினேன், பதினெட்டு. மலை உச்சியில் இருக்கும் போடிமெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பிரியும் மண் சாலையில் நாலு கிலோமீட்டர் போனால் தோட்டம். போய்ச் சேர மணி ஏழேகால் ஆகிவிட்டது.

நான் பார்க்க வந்தது செடியை அல்ல, 'ஸ்டோர்' என்று அங்கே சொல்கிற உலர்த்தும் கூடத்தை. பறித்த பச்சைக் காயைக் கம்பி வலைத் தட்டுகளில் பரப்பி, மூடிய அறையில் அடுக்கிவிடுவார்கள். வெளியே இருக்கும் பெரிய அடுப்பில் விறகு எரியும். அந்தச் சூடு தகரக் குழாய் வழியாக அறைக்குள் ஓடும். ஒரு பகல், ஒரு ராத்திரி சூடு இறங்காமல் காத்தால்தான் காய் பச்சை நிறம் மாறாமல் உலரும். நிறம் போனால் போடியில் அதைத் தொட்டுப் பார்க்கக்கூட ஆள் வராது.

அந்த அடுப்பைக் காத்தவர் சன்னாசி. சிலமலைக்காரர், என் வயதுதான் இருக்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உள்ளே சூடு எவ்வளவு என்பதைக் கதவில் புறங்கையை வைத்தே சொல்லிவிடுவார். என் தெர்மாமீட்டரும் அதையேதான் சொன்னது. என்னிடம் நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன. மரம் வெட்டுவது தவறா? ஆமா டீச்சரம்மா. விறகைச் சிக்கனமாக எரிக்க வேண்டுமா? ஆமா டீச்சரம்மா. நாற்பத்திரண்டுக்கும் ஆமாதான். நான் டீச்சரே இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். அடுப்பின் வெளிச்சுவரை ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு விறகை நெருக்கமாக அடுக்கியிருந்தார். என் புத்தகத்துப் படத்தில் அடுப்பைச் சுற்றி மூன்றடி காலியாக இருந்தது. காற்று தாராளமாகப் போனால் விறகு குறைவாகச் செலவாகும் என்று கீழே எழுதியிருந்தது. படத்தைக் காட்டி, விறகையெல்லாம் பின்னால் இருக்கும் தகரச் சாய்ப்புக்கு மாற்றச் சொன்னேன். அவர் விறகைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

"மழ வர்ற மாதிரி இருக்கு டீச்சரம்மா."

"சாய்ப்புலதான் கூரை இருக்கே?"

"இருக்கு." என் கையில் இருந்த முதலாளியின் கடிதத்தை ஒரு தடவை பார்த்தார். "ஆகட்டும்மா" என்றார்.

அரை மணி நேரத்தில் மொத்தத்தையும் மாற்றிவிட்டார். 'தொழிலாளர் ஒத்துழைப்பு மிக நன்று' என்று நோட்டில் எழுதிக்கொண்டு, மூன்று மணி ஜீப்பில் இறங்கிவிட்டேன். ஒரு ஈடு காய் எப்படி உலர்ந்து முடிகிறது என்று இருந்து பார்க்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. லாட்ஜில் வெந்நீர் கிடைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அப்போதைய கவலை.

அன்று சாயங்காலம் பிடித்த மழை மறுநாள் முழுக்க விடவில்லை. சாலையில் மரம் விழுந்து ஜீப் ஏதும் ஏறவில்லை. நான் அறையில் உட்கார்ந்து போண்டா வாங்கித் தின்றுகொண்டு, ஆய்வேட்டின் முன்னுரையை எழுதினேன். கொள்கையும் நடைமுறையும் கைகோத்துக்கொண்டதாக அதில் ஒரு வாக்கியம் வரும். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அதற்கு அடுத்த நாள் ஜீப்பில் ஏறியபோது பெண்கள் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்கள். மொக்கச்சாமிதான் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஸ்டோர்ல காயெல்லாம் வெளுத்துப்போச்சு ஆத்தா. சன்னாசிய சோலிய விட்டு நிறுத்திட்டாக. நேத்தே மழையில நடந்து ஊருக்கு எறங்கிட்டாரு."

எப்படி என்று கேட்டேன். பதில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணிடமிருந்து வந்தது. பேச்சியம்மாள், சன்னாசியின் மனைவி. காய் பறிக்கிறவர்.

"வெட்டுன வெறகு பூராம் ஈர வெறகு. மழைக்காலத்துல காஞ்ச வெறகுக்கு எங்க போக? அடுப்புச் செவத்த ஒட்டி அடுக்குனா அந்தச் சூட்டுலயே காஞ்சுரும். இன்னைக்கு எரியிறது நாளைக்கு எரியப்போறதக் காயவைக்கும். அத நீங்க தூக்கிச் சாய்ப்புல போடச் சொன்னீக. அங்குட்டுச் சாரல் அடிச்சு ஊறிப்போச்சு. அடுப்புல வச்சாப் பொகதான் வருது, சூடு ஏறல."

"மேனேஜர்கிட்ட இதைச் சொல்லலையா?"

"அசந்து தூங்கிட்டேன்னு சொல்லிட்டாரு."

"ஏன்?"

"அந்தப் புள்ள எழுதுறது பரீட்சைக்காம், அது பேரச் சொன்னா பரீட்ச போயிரும்னாரு." சாப்பாட்டுத் தூக்கை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நாப்பத்திரண்டு கேள்வி கேட்டீகளாமே. வெறக ஏன்டா இப்புடி அடுக்கிருக்கன்னு அதுல ஒரு கேள்வி கெடயாதா?"

அன்றைக்கு நான் வளைவுகளை எண்ணவில்லை. ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மண் சாலை பிரியும் இடம் வரைக்கும், வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்றுதான் என் புத்தி போனது. அவரே தூங்கிவிட்டதாக ஒப்புக்கொண்டாயிற்று. நான் உண்மையைச் சொன்னால் தோட்டத்தில் என்னை நுழையவிட மாட்டார்கள், பாதி ஆய்வு அந்தரத்தில் நிற்கும். பேச்சியம்மாளும் என்னிடம் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் கெஞ்சியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். விறகை நகர்த்தச் சொன்னது நான் என்றேன். அவர் நம்பாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, நம்பிவிட்டு, "படிச்ச பிள்ளைக ஆயிரஞ் சொல்லும். அவனுக்குப் புத்தி எங்க போச்சு?" என்றார். அதாவது எப்படிப் பார்த்தாலும் தப்பு சன்னாசியுடையதுதான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உங்கள் முதலாளி கடிதத்தைக் காட்டித்தான் சொன்னேன், அந்தக் கடிதத்தை மீறி இந்த மலையில் யாராவது மறுப்பார்களா என்று கேட்டேன். நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு மேஜையில் வைத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"சரி, அவன் வரட்டும்" என்றார். "நீங்க இனி மேல வர வேணாம்மா."

இறங்கியதும் லாட்ஜுக்குப் போகவில்லை. தேவாரம் போகிற பஸ்ஸில் ஏறி எட்டு கிலோமீட்டரில் சிலமலையில் இறங்கினேன், எண்பது காசு. சன்னாசி ஒரு வெங்காயக் காட்டில் கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். நாளைக்கு ஜீப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வாடியது.

"சொல்லிட்டீகளா? அப்ப உங்க பரீட்ச?"

"அதைப் பாத்துக்கலாம்."

"எதுக்கும்மா சொன்னீக? எனக்கு இந்தக் காடு இல்லாட்டி இன்னொரு காடு."

மண்ணில் குனிந்து அவர் மறுபடியும் களை எடுக்கத் தொடங்கினார். நான் வரப்பில் நின்றுகொண்டு அழுதேன். மன்னிப்புக் கேட்டேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கேட்டிருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

மதுரைக்குத் திரும்பி வழிகாட்டிப் பேராசிரியரிடம் காய் கெட்டதைச் சொன்னேன். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "கெட்டுப்போன நாட்களை விட்டுவிடு" என்றார். விட்டுவிட்டேன். வேறு ஒரு தோட்டத்தில் மீதி ஆய்வை முடித்தேன். அடுப்பைச் சுற்றி இடம் விட வேண்டும் என்ற பரிந்துரையை மட்டும் எடுத்துவிட்டேன், ஏன் எடுத்தேன் என்று எழுதவில்லை. போடி நாட்களுக்கு நேராக 'மழை காரணமாகத் தரவு கிடைக்கவில்லை' என்று ஒரு வரி. மேனேஜருக்கு முன்னால் கையெழுத்துப் போட்ட கைதான் இதையும் எழுதியது. பட்டம் கிடைத்தது.

இரண்டு வருடம் கழித்து எங்கள் துறையிலிருந்து இன்னொரு மாணவன் அதே புத்தகத்தை எடுத்துக்கொண்டு அதே தோட்டத்துக்குப் போனான். என் ஆய்வேட்டைப் படித்துவிட்டுத்தான் போனான். திரும்பி வந்து என்னிடம் குறைப்பட்டுக்கொண்டான்: "அந்த ஸ்டோர்க்காரர் சரியான பிடிவாதம்க்கா. கடிதத்தைக் காட்டினேன், விறகை நகர்த்த முடியாதுன்னுட்டார்." எனக்குச் சிரிப்பு வந்தது. அவனிடமாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இப்போது கேட்டவர்களுக்குப் பதில். சுற்றிப் பார்க்க மட்டும் என்றால் தை, மாசி நல்லது. குரங்கணி போடியிலிருந்து பதினாறு கிலோமீட்டர். அங்கிருந்து நடக்கிறவர்கள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஏற வேண்டாம். மழைக்காலத்தில் அட்டை இருக்கும், உப்பைத் துணியில் முடிந்து எடுத்துப் போங்கள். தேவாரம் பக்கம் போனால் பொழுது சாயும் முன் திரும்பிவிடுங்கள், யானை வரும். நான் எழுதிய கட்டணமெல்லாம் அந்தக் காலத்தது, அதை நம்பிப் பையில் பணம் வைக்காதீர்கள்.

ஆராய்ச்சி மாணவிக்கு: மழை மாதத்திலேயே போங்கள். முதல் ஒரு வாரம் கேள்வித்தாளை வெளியே எடுக்காதீர்கள். எது தப்பாகத் தெரிகிறதோ அதைச் செய்கிறவரிடமே ஏன் இப்படி என்று கேளுங்கள். அவர் சட்டென்று ஆகட்டும் என்றால் சந்தேகப்படுங்கள். நீங்கள் ஏதாவது மாற்றச் சொன்னால், அதன் விளைவு தெரியும் வரை இறங்காதீர்கள். கெட்டுப்போனால் வேலை போகிறது அவருக்குத்தான், நமக்கு இல்லை. கெட்டுப்போன நாளையும் ஏட்டில் எழுதுங்கள். என் ஏட்டைத் தேடி எடுத்தீர்களானால், மழை என்று எழுதியிருக்கும் இடத்தில் பென்சிலால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: சன்னாசி விறகை அடுக்கியிருந்தது சரி. அதை நகர்த்தியதால் ஒரு ஈடு காய் கெட்டது. நகர்த்தச் சொன்னது நான்.