தோளை அளந்த நாள்

எனக்கு அறுபத்தேழு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று நான் பெற்றவை, இரண்டு என் தங்கை விட்டுப் போனவை. ஐவரில் ஒருவரும் பசி என்று அடுத்தவர் வாசலில் நின்றதில்லை. அதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

மலாய் நாட்டு ஜார்ஜ்டவுனில் ஒரு ஹோட்டலின் துணி துவைக்கும் பகுதியில் பல வருஷம் வேலை பார்த்தேன். ஒரு நாள் ஈரப் படுக்கை விரிப்புகளை ஏற்றிய தள்ளுவண்டியோடு வழுக்கி விழுந்தேன். வலது தோளில் தசை கிழிந்துவிட்டது. அறுவை செய்தார்கள். புண் ஆறிய பிறகு, எவ்வளவு ஊனம் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து நஷ்டஈட்டை முடிவு செய்ய ஒரு டாக்டர் குழு கூப்பிட்டது.

அங்கேதான் தவறு செய்தேன். கையைத் தூக்க முடியுமா என்றார்கள். “போலே” என்றேன். மலாயில் முடியும் என்று அர்த்தம். பாரம் தூக்குவீர்களா? போலே. வீட்டு வேலை? போலே. மேலாள் கேட்டு முடியாது என்று சொல்லிப் பழகாத வாய். பல்லைக் கடித்துக்கொண்டு கையையும் தூக்கிக் காட்டினேன். பெரிய குறை இல்லை என்று கடிதம் வந்தது.

என் நடு மகள் அதைப் படித்துவிட்டு என்னையே பார்த்தாள். “வேலை கேட்டாம்மா போனீங்க? இங்க சட்டை மாட்ட நான் வேணும், அங்க போயி போலேயா?”

மேல்முறையீட்டை அவளே எழுதினாள். இதிலும் தோற்றால் இந்தக் கை நல்ல கை என்றே காகிதத்தில் நின்றுவிடும் என்றாள். அது எனக்கு உறைத்தது.

மேல்முறையீட்டைக் கேட்கும் குழுவைப் பார்க்க, ஃபெரி படகு ஏறிக் கடல் தாண்டி பட்டர்வொர்த் போனோம். மேசைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் ஒரு மலாய்ப் பெண், என் கடைசி மகள் வயதுதான் இருக்கும். கையைத் தூக்கச் சொன்னார். பழக்கதோஷம், தூக்கிவிட்டேன். அவர் எழுந்து என் பின்னால் வந்து நின்றார். “நீங்க கையத் தூக்கல, உடம்பச் சாய்க்கிறீங்க” என்றார். நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, தோள்பட்டையில் உள்ளங்கையை அழுத்தி வைத்து, இப்போது தூக்குங்கள் என்றார்.

கை நெஞ்சு உயரத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் அசையவில்லை. இவ்வளவுதான் எழும் என்று எனக்கே அதுவரை தெரியாது. கோணம் அளக்கும், இரண்டு கால் வைத்த ஓர் அளவுகோலை என் தோளில் வைத்து அவர் எண்ணைச் சொல்ல, இன்னொருவர் எழுதினார். படித்தவர்கள் மூன்று பேர், துணி துவைத்த கையைக் கோயில் நகையைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார்கள்.

பிறகு அவர் அத்தை முறை வைத்து மலாயில் கேட்டார்: “மக்சிக், இந்தக் கொண்டைய யாரு போட்டு விட்டது?”

வெளியாள் ஒருவருக்கும் நான் சொல்லாத விஷயம் அது. பின்னால் மகள் இருமினாள்.

“என் மக.”

“நீங்களே போட்டுக்க முடியுமா?”

“தா போலே” என்றேன். முடியாது. அந்த வார்த்தையை அந்நியர் முன்னால் அன்றுதான் முதல்முறை சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நான் ஏதோ பெரிய விஷயம் சொன்னதுபோல் தலையசைத்துவிட்டு, அதை மட்டும் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

சில வாரம் கழித்துக் கடிதம் வந்தது. முதலில் சொன்னதைவிடப் பெரிய ஊனம், நிரந்தரமானது என்று. மகள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. என் உடம்பு என்னிடமே மறைத்ததை ஒருத்தி உள்ளங்கை வைத்துக் கண்டுபிடித்தாளே என்ற பிரமிப்புதான் இன்றுவரை தீரவில்லை.

மூன்றாம் வகுப்புத் தமிழில் இதை எழுதி முடிக்க ஒன்பது நாளாயிற்று. பேத்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறேன். படிம்மா, மெதுவா. முடியாதுன்னு நான் சொன்ன எடத்துல கொரலத் தாழ்த்தாதே.